படியைப் பார்க்கும் வீரன்

பதிப்பகத்தில் அவளுக்குப் பெயரே அட்டைக்காரிதான். டிராகன்களும் இளவரசிகளும் வருகிற காதல் நாவல் வரிசை ஒன்றுக்கு அட்டைப்படம் வரைந்துகொண்டிருந்தாள். மூன்றாம் பாகத்தின் படத்தை முதலாளி மேஜைமேல் விரித்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

எரியும் கோட்டையின் படிக்கட்டு. மயங்கிக் கிடக்கும் இளவரசியைத் தூக்கிக்கொண்டு வீரன் இறங்குகிறான். மேலே டிராகன் தீ கக்குகிறது. டிராகன் பிரமாதமாம்.

“இவன் ஏன்மா தரையப் பாக்குறான்? எதையாவது தொலைச்சிட்டானா?”

படி இறங்குகிறவன் படியைத்தானே பார்ப்பான் என்றாள். முதலாளி சிரிக்கவில்லை. கடையில் புத்தகத்தைக் கையில் எடுக்கிற பெண்ணை இவன் நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அவளுக்கு உள்ளே ஏதோ செய்ய வேண்டும், இவனோ வீட்டுக்கு காஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவன் மாதிரி இருக்கிறான் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் வீரன் தலை நிமிராவிட்டால் மிச்சப் பாகங்களை வேறு ஓவியரிடம் கொடுத்துவிடுவதாக, குரலை உயர்த்தாமலே சொன்னார்.

இந்த வரிசை போனால் அவளுக்கு மிஞ்சுவது பள்ளிக்கூட வழிகாட்டி நூல்களின் அட்டைகள். முக்கோணம், குடுவை, உலக உருண்டை. ஆறு வருஷம் அவற்றை வரைந்து அலுத்த பிறகு வாய்த்த டிராகன் இது.

அவள் எழுந்தபோது முதலாளி தன் முதுகுக்குப் பின்னால் இருந்த பால் கண்ணாடித் தடுப்பைக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை விரிசல், அதன்மேல் டேப். அவள் வீட்டுக்காரர் கண்ணாடி வேலை செய்கிறவர்தானே, வெள்ளிக்கிழமை வரும்போது புதுக் கண்ணாடியோடு அவரையும் கூட்டிவரட்டும் என்று அளவை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அந்த வீரனுக்காக நின்று காட்டியவரே அவள் வீட்டுக்காரர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தின் நடுவில், நீளத் தலையணை ஒன்றை இளவரசியாக ஏந்தியபடி நின்றார். வரைகிறபோது அவள் அவருடைய தொப்பையை எடுத்தாள், தோளை அகலமாக்கினாள், வழுக்கைக்கு மேல் தாராளமாக முடி வளர்த்தாள். பார்வையை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. ஜன்னல் கண்ணாடியும் அலமாரிக் கண்ணாடியும் தூக்கிப் பழகிய உடம்பு அது. எதைத் தூக்கினாலும் ஒரு கை அடியில், ஒரு கை ஓரத்தில், கண் அடுத்த அடி விழப்போகிற இடத்தில். பதினெட்டு வருஷமாகப் பார்த்துப் பழகியதில் அது அவளுக்குக் குறையாகத் தெரியவில்லை.

முதலாளியைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை அவரை மறுபடி நிற்க வைத்தாள். நிமிரச் சொன்னாள். நிமிர்ந்தார். மூன்று எண்ணுவதற்குள் கண் தரைக்கு இறங்கிவிட்டது. உலகத்தையே ஜெயித்தவன் மாதிரி பார்க்கச் சொன்னாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

“ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் வீரனா நிக்க முடியாதா உங்களால?” என்று எரிந்து விழுந்தாள்.

அவர் தலையணையை அடிப்பக்கம் முதலில் தரையைத் தொடும்படி மெதுவாக இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

“கையில ஆள் இருக்கும்போது எப்படிம்மா மேல பாக்குறது?”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் நிஜமாகவே கேட்டார்.

கடைசியில் ஓர் உடற்பயிற்சிப் பத்திரிகையிலிருந்து ஓர் ஆளைப் பிடித்தாள். தாடை, புஜம், நேர்ப் பார்வை எல்லாம் இருந்தன. வரைந்து முடித்தபின் எட்டி நின்று பார்த்தாள். அவன் கையில் இருப்பது இளவரசியா, பரிசுக் கோப்பையா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. பதிப்பகக் கட்டடத்தில், அவர் கொண்டுவந்த கண்ணாடி லிஃப்டுக்குள் நுழையவில்லை. மூன்று மாடி ஏறியாக வேண்டும். வழக்கமாக மறுமுனையைப் பிடிக்கிற கூட்டாளி காய்ச்சலில் கிடந்தான். அவர் தனியாகவே கண்ணாடியை எடுத்து நிறுத்திப் பிடித்தார். அது அவர் மோவாய் வரை மறைத்தது. பால் கண்ணாடி, கீழே ஒன்றும் தெரியாது.

“நீ முன்னாடி போய்க்கிட்டே படியச் சொல்லு.”

படச்சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி அவள் பின்பக்கமாக ஏறினாள். படி, படி, இது கொஞ்சம் உடைந்திருக்கிறது, காலை உள்ளே தள்ளி வையுங்கள், இனித் திருப்பம் என்று சொல்லிக்கொண்டே போனாள். எதிரே வந்த தபால்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் அவருடைய முகத்தைக் கவனித்தாள். நிமிர்ந்திருந்தது. மூன்று எண்ணுவதற்குள் தாழ்ந்துவிடுகிற கண் இரண்டு மாடியாகத் தாழவே இல்லை. கண்ணாடியின் விளிம்புக்கு மேலாக நேரே அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். தரையை அவள் பார்த்துக்கொண்டதால், அவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“என்ன, நின்னுட்ட?”

“ஒண்ணுமில்ல. படி,” என்றாள்.

மேலே போய் அவள் சுருளைப் பிரிக்கவில்லை. திங்கள் காலைவரை நேரம் கேட்டாள். முதலாளி முணுமுணுத்தார். ஆனால் அவருடைய முதுகுக்குப் பின்னால் கண்ணாடி ஏறிக்கொண்டிருந்ததால் அதிகம் அசையவும் முடியவில்லை, அதிகம் பேசவும் முடியவில்லை. பத்து மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் பேச்சில்லை என்று ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமைப் படத்தில் அதே கோட்டை, அதே தீ. வீரன் நேராகப் பார்த்தான். அவன் கையில் இருந்த இளவரசி ஒரு கையால் அவன் கழுத்தை வளைத்து, தலையைத் திருப்பி, கீழே படிகளைப் பார்த்து விரல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளி வீரனை நேருக்கு நேர் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டார். அந்தப் பார்வை அவரையும் ஏதோ செய்திருக்க வேண்டும்.

“கதையில அவ மயங்கிக் கிடக்கிறாளேம்மா?”

“தெளிஞ்சிட்டா சார். யாராவது ஒருத்தர் படியப் பாக்கணும்ல.”

மயக்கம் தெளிய ஒரு வரி சேர்க்கும்படி எழுத்தாளரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அவர். டிராகனின் வால் இன்னும் கொஞ்சம் நீளலாம், நாலாம் பாகத்துக்கு அடுத்த வாரம் வரலாம் என்றும் சொன்னார்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று வீட்டில் அதைக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். கண் வீரனின் முகத்தில் தங்கவில்லை, டிராகனிலும் தங்கவில்லை.

“அடிக்கை சரியா இருக்கு. கீழ போட மாட்டான்,” என்று சொல்லி, புத்தகத்தை அடிப்பக்கம் முதலில் படும்படி அலமாரியில் நிறுத்தினார்.