கட்டைவிரல்

தாடையைக் கட்டத் துணியோடு குனிந்த மகளின் கையைப் பேராசிரியர் பிடித்துக்கொண்டார். அம்மாவின் உயிர் இப்போதுதான் போயிருந்தது. உடம்பைத் தொட்டால் சோதனை கெட்டுவிடுமாம்.

அம்மாவின் மணிக்கட்டுகளில் கறுப்பு நூல் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தார். ஆவிகள் அவளோடு தட்டிப் பேசுகின்றன என்று ஊரே நம்பியது. அதை விஞ்ஞானமாக நிரூபிக்கிறேன் என்று வருஷக்கணக்காக அவளை உயிரோடு அரித்தவர் இவர். எதையாவது ஒளித்திருக்கிறாளா என்று துணியை உரித்து நிற்கவைத்துத் தடவிப் பார்த்த மகானுபாவர். இவரிடம் போய் அம்மா, செத்த பிறகும் தட்டுவேன் என்று வாயைவிட்டிருந்தாள்.

இப்போது அவர் பிணத்தின் நெஞ்சில் காதை வைத்துக் காத்திருந்தார். மத்தியானம் தின்ற முட்டை தாடியில் ஒட்டியிருந்தது. உடம்பு விறைத்துவிட்டால் அம்மாவின் வாயை மூட முடியாது. பிளந்த வாயோடுதான் அம்மாவைப் புதைக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் இந்த ஆள் போய்த் தொலைவார், அம்மா மானம் போனால் போகட்டும் என்று மகள் செருப்பைக் கழற்றினாள்.

“ஐயா, ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா கால் கட்டைவிரல சொடுக்குவாங்க. எனக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க. கேளுங்க.”

பலகைத் தரையில் காலை ஊன்றினாள். டொக், டொக் என்று அறை முழுக்கக் கேட்டது.

பேராசிரியரின் கண் கலங்கிவிட்டது. “வந்துட்டாங்க. உங்க காலு வழியா வந்துட்டாங்க.”

“நான்தாங்க சொடுக்குனேன்.”

“உங்களுக்கு அப்படித்தான்மா தோணும்.”

சே, இந்த ஜென்மத்துக்கு எதைக் காட்டினால் புத்தி வரும்? கட்டிப்போட்ட காலிலும் இன்னொரு தடவை சத்தம் வந்துவிட்டால் போதும், அம்மாவைத் தொட்டுக்கொள்ளலாம் என்றார். வேறு வழி தெரியாமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரக் கையால் அவள் பாதத்தை விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். அப்புறம் கணுக்காலை நாற்காலியோடு சேர்த்து நூலால் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றினார்.

ஒரு ஈ வந்து அம்மாவின் உதட்டில் உட்கார்ந்தது. அதை விரட்ட அவள் எழப்போனாள்.

“அசையாதீங்க,” என்றார், அரக்கை ஊதிக்கொண்டே.

ஈ உதட்டோரமாக நடந்து வாய்க்குள் போனது.