அறுபதில் நிற்காத குரூஸ்

சம்பவநாதனின் புது மோட்டார் சைக்கிளில் எல்லாம் சுகம், குரூஸ் கன்ட்ரோல் ஒன்றைத் தவிர. கையைத் தளர்த்தினாலும் வேகம் குறையாமல் வண்டியைக் கொண்டுபோக வேண்டிய சமாச்சாரம் அது. பட்டனை அமுக்கினால் பச்சை விளக்கு எரியும், உடனே அணைந்துவிடும். அது அணையாமல் நின்றால்தான் அவர் சரவணபெலகுளா போக முடியும். அரைமணி நேரம் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்தாலே வலது கை மரத்துவிடுகிற மனிதர், நானூறு கிலோமீட்டர் வேறெப்படிப் போவது? பஸ் இருக்கிறதுதான். ஆனால் வண்டியிலேயே கூட்டிப்போவதாக மனைவி திரிசலாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. வருஷம் திரும்புவதற்குள் தானாவது போய் அங்குள்ள ஜைனக் கோயில் மலை ஏறிவிட வேண்டும்.

செஞ்சியில் மெக்கானிக் ஜெயசுதா ஃபியூஸ், கிளச் ஸ்விட்ச், பிரேக் ஸ்விட்ச் எல்லாம் பார்த்தாள். அவள் ஓட்டினால் குரூஸ் சமர்த்தாக நின்றது. அவர் ஓட்டினால் அணைந்தது.

“வண்டி மேல தப்பில்ல சார்.”

“எனக்கு மட்டும் இன்னா வஞ்சனை பண்ணுது?” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக வண்டியைத் திட்டினார்.

மறுநாள் அவரைத் திண்டிவனம் ரோட்டில் ஓட்டச் சொல்லி, ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள். கொஞ்ச தூரத்தில் ஹாரன் அடித்து நிறுத்தினாள்.

“சார், உங்க பிரேக் லைட்டு அணையவே இல்ல. கால் பெடல் மேலயே குந்தினு இருக்குது. பிரேக் பட்டா குரூஸ் கட்டாயிடும். எதுக்கு அங்க கால வக்கிறீங்க?”

அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தாறு வருஷப் பழக்கம். மழை விட்ட சாயங்காலங்களில் ஊருக்கு, மேல்சித்தாமூருக்குத் திரும்பும்போது திரிசலா பின்னால் இருந்து ரோட்டையே பார்த்துவருவாள். “மரவட்டைங்க போவுது... தவளை, நிறுத்துங்க!” பொழுது சாய்ந்தால் சாப்பிடாத ஜைன வீடு. தவளைகளுக்கு வழிவிட்டே எத்தனையோ நாள் இருவரும் பட்டினியாகப் படுத்திருக்கிறார்கள். அவர் கத்துவார், அவள் சிரிப்பாள். அந்தப் பசி இப்போது வேண்டும்போல இருந்தது.

காலை எடுத்து ஓட்டிப் பார்த்தார். அறுபதில் பச்சை விளக்கு நின்றது. பிடி தளர்ந்தும் வண்டி தன்பாட்டுக்குப் போனது. சந்தோஷம் தாங்காமல், “பாத்தியா திரிசலா!” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் காலிப் பின்சீட்டைப் பார்த்தார். கால் தானாகப் பெடலுக்குப் போனது. விளக்கு அணைந்தது. ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதார்.

ஜெயசுதா பக்கத்தில் வந்து நின்றாள். “ரெண்டு நாள்ல கால் பழகிடும் சார்.”

“பழக வேணாம்மா. பெடலைக் கொஞ்சம் கீழ இறக்கிடு, கால் வச்சாலும் அமுங்காத மாதிரி. காலை எடுத்துட்டா வண்டியில நான் மட்டும் போற மாதிரி இருக்குது.”