காம்புப் பக்கத் துண்டு

"துப்புங்க! முழுங்காதீங்க!"

அவள் கை வீசிய வேகத்தில் கணவன் பிடித்திருந்த கரண்டி பறந்துபோய்ச் சுவரில் மோதி, தரையில் சுழன்று அடங்கியது. அவன் பாய்ந்து சிங்க்கில் துப்பினான். துப்பியும் போதாமல் நாக்கைச் சட்டைக் கையில் தேய்த்தான்.

"என்னடி இது? தொண்டையே எரியுது!"

"சுரைக்காய் சூப். இன்னும் இருபது நிமிஷத்துல நீங்க வேன்ல ஏத்த வேண்டிய சூப். நானும் இப்பதான் வாயில வெச்சுட்டுத் துப்பினேன். திரும்பறதுக்குள்ள நீங்க கரண்டியோட நிக்கறீங்க."

அடுப்பை அணைத்தாள். எதிரே நீள மேஜையில் இருபத்தாறு சாப்பாட்டு டப்பாக்கள் வரிசையாக வாயைத் திறந்து காத்திருந்தன. சோறும் பீட்ரூட்டும் நிரப்பியாயிற்று. சூப்புக்கான கிண்ணம் மட்டும் காலி.

அந்தச் சமையல்கூடம் கணவனின் அக்காவுடையது. சுற்றியுள்ள அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு. இன்றைக்கு என்ன என்று யாரும் கேட்க முடியாது. திங்கட்கிழமை காலையில் ஒரு பண்ணையிலிருந்து மரப்பெட்டி வரும். அந்த வாரம் வயலில் எது விளைந்ததோ அதுதான் பெட்டியில். பெட்டியில் எதுவோ அதுதான் டப்பாவில். இரண்டு வாரமாகப் பாதிப் பெட்டி சுரைக்காய்.

கொடியில் காய்க்கிற காய்க்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி, பச்சையாகக் கடித்துப் பார்த்த பிறகுதான் அது அடுப்புக்குப் போகும். வெயிலில் வாடிய கொடியில் சில காய் விஷமாகக் கசக்கும். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. தின்றவன் குடலைப் புரட்டி எடுத்துவிடும். கடித்துப் பார்க்கும் அதிகாரம் நாத்தனாருக்கு மட்டும்தான். "இந்தக் கிச்சனுக்கு ஒரே நாக்கு. அது என்னோடது" என்பாள்.

போன வாரம் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். நாத்தனார் விசாரணையே வைக்கவில்லை. நேராகத் தீர்ப்பு.

"கீரையை ஒழுங்கா அலசத் தெரியாதவளை அடுப்படியில விட்டது என் தப்பு. இன்னொரு தடவை எவனாவது வயித்தைப் பிடிச்சான்னா, மாடி ரூமைக் காலி பண்ணு. தம்பி, தம்பி பொண்டாட்டிங்கிற பேச்சே கிடையாது."

கணவனுக்கு வேலை போன பிறகு, நான்கு மாதத்துக்கு முன்னால், அக்காவே கூப்பிட்டுக் கொடுத்த மாடி அறை. அதை விட்டால் போக ஓர் இடம் இல்லை.

"யாரு பாத்திரத்தை யாரு உடைக்கிறது?"

வெங்காயக் கூடையோடு நாத்தனார் வாசலில் நின்றாள்.

"சூப்பைக் கொட்டணும் அண்ணி. கசக்குது."

"நான் கடிச்சுப் பார்த்துக் கொடுத்த காய். நாலும் கல்கண்டு."

"கல்கண்டு பானைக்குள்ள போனதும் கசந்துடுச்சா?"

"நீ என்ன கருமத்தைப் போட்டியோ! சமையல்ல பூஜ்யம். வாயில மட்டும் குறைச்சல் இல்ல."

"அக்கா, நானும் குடிச்சேன். நிஜமாவே..."

"நீ சும்மா இருடா. உன் நாக்கு பொண்டாட்டி தலையாட்டற பக்கம்தான் சாயும்."

அவள் பெட்டியைத் திறந்து, நாளைக்கென்று வைத்திருந்த ஐந்தாவது காயை எடுத்தாள். காம்புப் பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. நாத்தனார் கடித்து, நல்லது என்று தேர்ந்தெடுத்த காய். ஒரு துண்டு சீவிக் கணவனிடம் நீட்டினாள். அவன் நுனிநாக்கில் வைத்தான். அடுத்த நொடி மறுபடியும் சிங்க்.

அப்போதுதான் அவளுக்குள் எல்லாம் பளிச்சென்று கோத்துக்கொண்டது.

"தெரிஞ்சேதான் விட்டிருக்கீங்க!"

"என்னடி?"

"போன வாரமும் இதே வேலை. கசப்புக் காயை நல்லதுன்னு என் கையில கொடுத்தீங்க. நாலு பேரு வாந்தி எடுத்ததும் பழியைத் தூக்கி என் தலையில கட்டினீங்க. எங்களை வெளிய தள்ளணும்னா நேரா சொல்லித் தொலைங்க. சாப்பிடறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

கூடை கீழே விழுந்தது. வெங்காயம் நாலாபக்கமும் உருண்டது.

"பதினோரு வருஷமா என் கையால சாப்பிடறாங்கடி! அவங்களுக்கு நான் விஷம் வைப்பேனா? என் வீட்டுல உட்கார்ந்து என்னையே சொல்ற நாக்கை இழுத்து வெச்சு அறுக்கணும்!"

"அப்படியா? சரி." ஒரு டம்ளரைப் பானைக்குள் விட்டு மொண்டாள். சூப் ஆவி பறந்தது. "கல்கண்டுதானே? குடிங்க."

"ஏய், வேண்டாம்" என்றான் கணவன்.

"குடிக்க மாட்டாங்க. பாருங்க, தட்டி விடுவாங்க."

நாத்தனார் டம்ளரைப் பிடுங்கினாள். தம்பி மனைவியை முறைத்தபடியே ஊதினாள். ஒரு மடக்கு. இரண்டு மடக்கு.

இருவரும் அந்த முகத்தையே பார்த்தார்கள். புருவம் நெளியவில்லை. உதடு சுளிக்கவில்லை. அந்தச் சூப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படி நிற்க எப்பேர்ப்பட்ட நடிகையாலும் முடியாது.

மூன்றாவது மடக்குக்குள் அவள் டம்ளரைப் பறித்துவிட்டாள். "போதும்! நிறுத்துங்க!"

"ஏன், பயந்துட்டியா?" புறங்கையால் வாயைத் துடைத்தாள் நாத்தனார். முகத்தில் வெற்றிக் களை. "இப்ப என்ன சொல்ற? மூட்டையை எப்ப கட்டற?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உப்பு சரியா இருந்துச்சா அண்ணி?"

"எல்லாம் இருந்துச்சு."

"தூக்கலா, அளவாவா?"

"அளவா இருந்துச்சு. அதுக்கு என்ன இப்ப?"

"நான் இன்னும் உப்பே போடலை."

நாத்தனார் பானையைப் பார்த்தாள். சூப்புக்கு எடுத்து வைத்து இன்னும் பிரிக்காமல் கிடந்த உப்புப் பொட்டலத்தைப் பார்த்தாள். வெற்றிக் களை முகத்திலிருந்து வழிந்து இறங்கியது.

கணவன் கிட்டே வந்தான். "அக்கா... என்னக்கா?"

"தள்ளிப் போடா."

அவள் பானையை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கி, ஒரே சாய்ப்பாகச் சிங்க்கில் கவிழ்த்தாள். பச்சை வெள்ளம் சுழித்துக்கொண்டு இறங்கியது. கணவனிடம் திரும்பினாள். "சூப் இல்லாமலே போகட்டும். டப்பாவை மூடுங்க. அண்ணி, நீங்க குடிச்சதை விரலை விட்டு வெளிய எடுங்க. முதல்ல அதைச் செய்யுங்க."

நாத்தனார் சிங்க் பக்கம் போகவில்லை. பெட்டியின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள். குரலில் மட்டும் பழைய நெருப்பு அணையவில்லை.

"முறைக்காதே. வெளிய ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டே, தொலைச்சுப்புடுவேன். எட்டு மாசம் முன்னாடி ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தேனே... எழுந்தப்ப உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல, கசப்பும் இல்ல. அத்தனையும் போயிடுச்சு. வெளிய தெரிஞ்சா என் சாப்பாட்டை எவன் வாங்குவான்? தம்பிக்கு வேலை போச்சுன்னா உங்களைக் கூப்பிட்டேன்? இந்த அடுப்புக்கு ஒரு நாக்கு வேணும்னுதான்டி உன்னைக் கூப்பிட்டேன்."