ஏரி உள்வாயில் ஓட்டிய ஏர்

எங்கம்மா சாகிறவரை சிங்காரவேலுவை ‘ஆண்டை’ என்றுதான் சொன்னாள். நான் பேரைத்தான் சொல்வேன், அதுவும் அவர் எதிரில் இல்லாதபோது. நில உச்சவரம்புச் சட்டத்தில் அவரிடமிருந்து எடுத்து எங்களுக்குக் கொடுத்த மூன்று மா நிலம் ஏரிக்கு உள்ளேயே, தண்ணீர் ஓரமாக இருக்கிறது. அதில் முதன்முதலாக நடவு நட்ட நாளிலிருந்து அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

இப்போது அவருக்கு ஏரியே வேண்டுமாம். “தூர்ந்துபோன ஏரி, பறவைகூட வர்றதில்ல, பயிர் வைக்கக் குத்தகைக்குக் கொடுங்க” என்று கலெக்டருக்கு மனுப் போட்டிருந்தார். ஏரி போனால் எங்கள் தெருவில் அறுபது வீட்டு வயலுக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பறவை வருவது உண்மையானால் சரணாலயமாக்கி ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்றது வனத்துறை. வெள்ளிக்கிழமை காலை எண்ண வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் அவருடைய ஆள் பஞ்சநதம் கரையில் நின்று வேட்டுப் போட்டான். கேட்டால் குரங்கு விரட்டுகிறானாம்! எங்கள் ஊரில் ஏது குரங்கு? நாரை, அரிவாள்மூக்கன், மடையான் எல்லாம் தெற்கே பறந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை அதிகாரி தியாகராசன் ஜீப்பில் வந்து பைனாகுலரால் ஏரி முழுக்கப் பார்த்தார். ஒரே ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது.

“அய்யா, வேட்டுப் போட்டு வெரட்டிட்டாங்க” என்றேன்.

“நான் கண்ணால பாக்குறதத்தான் எழுத முடியும்மா. பத்து மணி வரைக்கும் இருப்பேன்.”

பக்கத்தில் நின்ற சிங்காரவேலு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் வயலும் ஏரிக்குள்ளதானுங்க. அதுல பறவை எறங்குனா எண்ணுவீங்களா?”

“எண்ணுவேன்.”

வீட்டுக்கு ஓடினேன். “மாட்ட அவுத்துக்கிட்டு வாங்க. நம்ம வயல உழணும். ஏர் ஓடுனா சேத்துல புழு நத்தையெல்லாம் மேல வரும், பறவை வராம இருக்காது.”

என் வீட்டுக்காரர் கண்ணுசாமி அதிர்ந்துபோனார். “பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? நட்டுப் பன்னெண்டு நாள்தான் ஆவுது. இப்பத்தான் பச்சை புடிச்சிருக்கு. திரும்ப நட நாத்து ஏது?”

“ஏரி போனா அந்தப் பச்சை கருகத்தான் போவுது. வர்றீங்களா, நானே ஓட்டட்டுமா?”

அவர் ஏரைப் பூட்டி மேழியைப் பிடித்தார். நான் மாட்டை முன்னால் இழுத்தேன். நாற்று வரிசை வரிசையாகச் சேற்றில் மடிந்தபோது அழுதேன். அழுதுகொண்டே மாட்டை அதட்டினேன்.

மூன்றாவது சுற்றில் ஒரு கொக்கு வந்தது. பிறகு ஐந்து. ஒன்பதரைக்கெல்லாம் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக இறங்கிவிட்டன. வயலில் இடம் போதாமல் ஏரித் தண்ணீரிலும் பரவி நின்றன. அதிகாரியின் பென்சில் ஓயவில்லை.

சிங்காரவேலுவுக்குக் கோபத்தில் தலைகால் புரியவில்லை. “டேய் பஞ்சநதம், போடுடா!” என்று கத்தினார். அதிகாரி பக்கத்தில் நிற்பதே அவருக்கு மறந்துவிட்டது. வேட்டு வெடித்தது. அத்தனையும் ஒன்றாக எழும்பின.

தியாகராசன் பைனாகுலரை இறக்கினார். “இதத்தான் மூணு நாளாப் போட்டீங்களா?” என்று கேட்டு, அதையும் எழுதினார்.

பிறகு வரப்புக்கு வந்தார். “நானூத்திப் பன்னெண்டும்மா. ஆனா உங்க பயிரு…”

“பயிரு போச்சுங்க. ஏரிக் கணக்குல எழுதிட்டீங்கள்ல?”

“எழுதிட்டேன்.”

கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவரை உரக்கக் கூப்பிட்டேன். “சிங்காரவேலு! மிச்ச வேட்ட மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க!”

அவர் காதுபடப் பேர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினேன். வரப்போரம் ஏர் படாமல் நாலைந்து பிடி நாற்று நின்றது. அதையாவது பிரித்து நட வேண்டும்.