உட்கார இடமுள்ள மெஷின்

இரண்டு மெஷினைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்றால், எதில் உட்கார இடம் இருக்கிறதோ அதைத்தான் எடுப்பார் என் வீட்டுக்காரர். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவர் பெயர் கிருஷ்ணசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் உழவர்கரையில் எல்லோருக்கும் அவர் ‘சொல்தா’. நான் செல்வாம்பாள். எங்களுக்கு இருப்பது கொஞ்சம் மேட்டு நிலமும் நான்கு பசுக்களும் ஒரு ஜோடி வண்டி மாடும். நெல் விளையாத நிலம். புல் மட்டும் சொன்னபடி கேட்கும். டவுனுக்குப் பால் ஊற்றித்தான் எங்கள் பிழைப்பு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மாட்டை வெளியே விட முடியாது. அதற்குள் புல்லை அறுத்துக் காயவைத்துக் கொட்டகையில் ஏற்றிவிட வேண்டும். போன வருஷம் அரைகுறையாகக் காய்ந்ததை அவசரமாக ஏற்றினோம். உள்ளேயே புழுங்கிப் பூசணம் பிடித்துவிட்டது. தீனி இல்லாமல் ஒரு பசுவை மாட்டுத் தரகர் வடிவேல் ஓட்டிக்கொண்டு போனார். இந்த வருஷமும் அப்படி ஆனால் வெள்ளச்சியைத் தருவதாக அவரிடம் என் வீட்டுக்காரர் வாயை விட்டிருந்தார். நான்கில் அதிகம் தின்பவள் அவள்தான் என்பது அவர் கணக்கு. அதிகம் கறப்பவளும் அவள்தான் என்பது என் கணக்கு. என் குரல் கேட்டால்தான் அவளுக்குப் பால் சுரக்கும். அவளைக் கறக்கக் குந்தி எழுந்தால் என் முட்டி இரண்டும் உயிரை வாங்கும். ஆனாலும் அவள் மடியில் வேறு யாரையும் நான் கை வைக்க விட்டதில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் பால் ஊற்றிய பிரெஞ்சுத் துரை முசியே பெர்னார் பிரான்சுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். குதிரை வளர்த்தவர், அவற்றுக்குப் புல் காயவைக்க அந்த ஊரிலிருந்தே இரண்டு மெஷின் இறக்கியிருந்தார். எங்களைக் கூப்பிட்டு, “ரெண்டுல ஒண்ணு உங்களுக்கு. என் ஞாபகமா வச்சிக்குங்க” என்றார். இன்னொன்றை யாருக்கோ சொல்லிவிட்டாராம்.

முதலாவது புல் அறுக்கிற மெஷின். சிவப்புச் சக்கரம் இரண்டு, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பல் பல்லான கத்தி, மேலே குழிவாக ஓர் இரும்பு இருக்கை. மாடு இழுத்தால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் கத்தி ஆடும். இரண்டாவது பார்க்கவே பிடிக்காது. துருவேறிய இரண்டு உருளைகள், ஒன்றின் மேல் ஒன்று. அறுத்த புல் நடுவில் புகுந்து வந்தால் தண்டெல்லாம் நசுங்கிவிடும். நசுங்கிய தண்டு பாதி நேரத்தில் காய்ந்துவிடும் என்றார் முசியே.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரரைத் தனியாக இழுத்தேன். “இன்னாங்க, அறுக்கறதா நமக்குக் கஷ்டம்? அங்கம்மா நாலு பொம்பளைங்களோட அருவாள எடுத்துக்கினு வந்தா அறுத்துட்டுப் போயிடுவா. காயறதுதானே நமக்குப் பாடு? அந்த உருளைய எடுங்க.”

அவர் காதில் எங்கே விழுகிறது? நான் சொல்லி முடிப்பதற்குள் ஓடிப்போய் அறுக்கிற மெஷினில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதுகு நிமிர்ந்துவிட்டது, பட்டாளத்தில் குதிரை மேல் இருந்தவர்போல. உள்ளபடிக்கு அவர் பட்டாளத்தில் பார்த்தது சமையல்கட்டு.

“இதான்” என்றார். முசியேயும் அவர் கையைக் குலுக்கிவிட்டார். வெள்ளைக்காரர் முன்னால் வீட்டுச் சண்டை வேண்டாம் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் வட்டியோடு கொடுத்தேன்.

மெஷினுக்குப் பூஜை போடாமல் இருக்க முடியுமா? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், பூசணிக்காய் உடைத்தார், மஞ்சள் குங்குமம் இட்டார். கத்தி நெடுக சாமந்தி மாலையைச் சாத்தினார். பிறகு மாட்டைப் பூட்டி, மாலையை எடுக்க மறந்துவிட்டு ஓட்டினார். மெஷின் முதன்முதலில் அறுத்தது தன் மாலையைத்தான். சாமந்தி இதழ் நாலா பக்கமும் பறந்தது. அங்கம்மாள் குலவை போட்டாள்.

மாலையோடு நின்றது அதன் வீரம். எங்கள் மாடுகள் அவசரப்படாத ஜாதி. அவை அசைந்து அசைந்து நடக்கும் நடைக்குக் கத்தி ஆடவே இல்லை. புல் பல்லுக்குள் சிக்கி நின்றது. இறங்கிப் பிடுங்குவார், ஏறுவார், மறுபடி இறங்குவார்.

“ஒக்கார எடம் இருக்குது, ஒக்காரத்தான் நேரம் இல்ல” என்றேன்.

மனுஷர் விட்டாரா? முத்தியால்பேட்டைக்குப் போய் ஜட்கா ஓட்டும் உசேன் பாயைக் கூட்டி வந்துவிட்டார். பாய் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். “சொல்தாண்ணே, இது குதிரை சாமான். இதுல மாட்டக் கட்னா எப்படி? நம்ம சுல்தானக் கட்டிப் பாருங்க” என்றார். ஏர்க்காலை மாற்றிப் போட்டு, மறுநாள் காலையில் சுல்தானைப் பூட்டினார்கள்.

ஜட்கா குதிரைக்கு மெதுவாகப் போகத் தெரியாது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதுபோல ஓடியது. கத்தி சடசடவென்று ஆட, புல் வரிசையாகச் சாய்ந்தது. சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் மேலே உட்கார்ந்து பிரெஞ்சில் என்னென்னவோ கத்தினார். பாய் பக்கத்திலேயே ஓடினார்.

நான் பாலை ஊற்றிவிட்டு டவுனிலிருந்து திரும்பியபோது நிலத்தில் ஒரு புல் நிற்கவில்லை. மொத்தத்தையும் அறுத்துப் போட்டுவிட்டார். அருவாள் என்றால் காயக் காயக் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்போம். இப்போது அத்தனையும் பச்சையாகத் தரையில் கிடக்கிறது. கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது.

ஒரு தண்டை எடுத்து ஒடித்தேன். தண்ணீர் கசிந்தது.

“இத எப்படிங்க காய வைப்பீங்க? சொல்லுங்க! வெள்ளச்சிய நீங்களே ஓட்டிக்கினு போய் அந்த ஆள்கிட்ட வுட்டுட்டு வந்துடுங்க!”

அவர் இருக்கையிலிருந்து மெல்ல இறங்கினார். முகம் சுருங்கிப்போயிருந்தது. “நிறுத்தத் தோணல, செல்வா” என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபம் இன்னும் கூடவும் செய்தது.

நசுக்க வேண்டும். உருளை இல்லாமல் எதைக் கொண்டு நசுக்குவது? அப்போதுதான் கேழ்வரகு ஞாபகம் வந்தது. கதிரை வண்டிப்பாதையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி நமக்காக மணியை உதிர்த்துவிட்டுப் போகும். ஊர் ஊருக்கு நடக்கிறதுதானே? எங்கள் நிலத்தை ஒட்டித் தார்ரோடு போகிறது. வெயிலில் அடுப்புக்கல் மாதிரி கிடக்கிறது.

“அள்ளுங்க எல்லாத்தையும்” என்றேன். “ரோட்ல போடுங்க.”

“ரோட்லயா? பாக்கறவன் சிரிப்பான்.”

“மாடு போனாலும் சிரிப்பான். இது மேல்.”

அங்கம்மாளின் ஆட்கள், உசேன் பாய், அவர், நான், எல்லோருமாக அள்ளிக் கொண்டுபோய்ப் பரப்பினோம். வில்லியனூர் பஸ் முதலில் ஏறியது. ஓடிப்போய் ஒரு தண்டை எடுத்துப் பார்த்தேன். நடுவில் பிளந்து சப்பையாக இருந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

அதன் பிறகுதான் வந்தது வினை. கேழ்வரகு போடுவது மாட்டு வண்டி போகும் மண் பாதையில்; இதுவோ டவுனுக்கு ஜட்கா போகும் ரோடு. அது எங்கள் யார் புத்தியிலும் ஏறவில்லை. முதல் ஜட்கா வந்தது, குதிரை புல்லைப் பார்த்தது, நின்றது. தலையைக் குனிந்தது குனிந்ததுதான். பின்னால் வந்த இரண்டாவதும் நின்றது. சற்று நேரத்தில் ரோடு நெடுக ஜட்கா. உள்ளே இருந்த கல்யாண வீட்டுக்காரர்கள் தலையை நீட்டிக் கத்தினார்கள். வண்டிக்காரர்கள் சாட்டையை ஓங்கினார்கள். ஒரு குதிரையும் அசையவில்லை.

“துன்னே தீத்துடும் போலக்குதே!” என்று என் வீட்டுக்காரர் குச்சியோடு விரட்ட ஓடினார்.

நான் குதிரைகளின் காலைப் பார்த்தேன். தின்ன ஒரு வாய் எடுக்க நாலு மிதி மிதிக்கின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் நகரும்போதெல்லாம் சக்கரம் வேறு ஏறி இறங்குகிறது.

“வெரட்டாதீங்க!” என்று கத்தினேன். “துன்னட்டும். பாய், ஜட்கா ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. சவாரி எறக்கிட்டு வர்ற வண்டி இப்படிச் சுத்திக்கினு போவட்டும். நிக்கக் கூடாது. நடந்துக்கினே துன்னுட்டுப் போவணும்.”

உசேன் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நல்லா கணக்கு போட்டீங்கக்கா. குதிரைங்கள சம்பளத்துக்கு வச்சிட்டீங்க” என்று சொல்லிக்கொண்டே சுல்தானைப் பூட்டிக்கொண்டு போனார்.

பொழுது சாய்கிற வரைக்கும் ஜட்கா வந்துகொண்டே இருந்தது. காலியாக வருகிற எந்தக் குதிரைக்கும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவை தின்றது ஒரு மூலைக்குக்கூட வராது. மிதித்ததோ மொத்தமும். நான் லத்தியை அள்ளிக்கொண்டே பின்னால் நடந்தேன். என் வீட்டுக்காரர் கவைக்கம்பால் புல்லைப் புரட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். மறுநாளும் மேகம் கறுத்துக் கறுத்துக் காட்டியதே தவிர இறங்கவில்லை. சாயங்காலம் ஒரு தண்டை ஒடித்தேன். படக்கென்று ஒடிந்தது. கடைசிக் கட்டைக் கொட்டகையில் ஏற்றிக் கதவைச் சாத்தும்போது என் தலையில் முதல் தூறல் விழுந்தது. வாய்விட்டு அழுதுவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டபின் ஒருநாள் தரகர் வடிவேல் குடையும் புதுக் கயிறுமாக வந்தார். “சொல்தா, பேச்சு மாற மாட்டீங்கதானே? புல்லு நனைஞ்சா வெள்ளச்சின்னு சொன்னீங்க.”

என் வீட்டுக்காரர் கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து காய்ந்த புல் வாசனை வந்தது. கையை ஆழமாக விட்டு ஒரு பிடி உருவி, தரகரின் கையில் கசக்கிக் கொட்டினார். சலசலவென்று உதிர்ந்தது.

“நனையல” என்றார். “கயித்த இங்கியே வுட்டுட்டுப் போங்க. வெள்ளச்சியோட பழைய கயிறு நைஞ்சு போச்சு.”

தரகர் முணுமுணுத்தார். ஆனால் கயிற்றை விட்டுவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் கறக்கச் செம்போடு தொழுவத்துக்குப் போனேன். வெள்ளச்சியின் பக்கத்தில் ஒரு மரக்கட்டை. அதன் மேல் ஆணி அறைந்து அந்த இரும்பு இருக்கை. மெஷினிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தார்.

“இன்னாங்க இது?”

“ஒக்காரு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “முட்டி வலிக்குதுன்னு சொல்றியே. அறுக்கறப்ப மட்டும் நான் எடுத்துக்கறேன்.”

உட்கார்ந்தேன். வெள்ளச்சியின் மடி என் கைக்கு நேராக இருந்தது. உருளையில் உட்கார முடியாதுதான், அதை மட்டும் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.