சதீசனின் சூடு

சதீசன் நடக்கிற பாதையில் பனி தங்குவதில்லை. ஜெர்மனியின் ஊன்ட்றொப்பில் அவன் வீட்டு வாசலிலிருந்து பேருந்துத் தரிப்பிடம்வரை ஜனவரியிலும் தரை கறுத்து ஈரமாய்க் கிடக்கும். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் தன் வாசலையும் ஒருமுறை மிதித்துவிட்டுப் போகும்படி கேட்டு, கிறிஸ்மஸுக்கு ஒரு போத்தல் வைன் கொடுத்தார். சதீசன் பீட்சாக் கடை அடுப்புக்கு முன்னால் வருடக்கணக்காக நின்றவன். பெட்டி பெட்டியாகச் சிகரெட், தூக்கத்துக்குப் பதில் கோலா. உடம்பு சூடேறியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், கலியாணமாகி எட்டு வருடமாகியும் பிள்ளையில்லை என்றதும் எல்லாரும் சூட்டைத் தேடியது அவன் மனைவி தக்சாயினியின் வயிற்றில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாமியார் கமலநாயகி காலையில் ஊறவைத்த வெந்தயம் கொடுத்தார், சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்து முழுக வைத்தார், வெள்ளிக்கிழமை விரதத்தையும் அவள் தலையிலேயே கட்டினார். மகன் காலடியில் பனி உருகிய பாதையால் நடந்து வந்துதான் அத்தனையும் செய்தார் என்பதை நினைத்தால் இந்தக் கதையைச் சொல்லுகிற எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

தக்சாயினிக்கு முப்பத்தெட்டு முடிந்தபோது டொக்டர் நேரே சொன்னார்: உங்களில் பிழையில்லை, காலம்தான் குறைகிறது, கணவரைப் பரிசோதிக்காமல் இனி ஒன்றும் செய்ய முடியாது. பரிசோதனைக்கு நாளும் நேரமும் குறித்துத் தந்த இரண்டு டெர்மினைச் சதீசன் தவறவிட்டான். மூன்றாவதன் காலை அவள் வெறுங்காலோடு முற்றத்துப் பனியில் இறங்கி நின்றாள்.

"உள்ளுக்கு வாரும், விறைச்சுப் போவீர்."

"டெர்மினுக்கு வாறன் எண்டு சொல்லுங்கோ, உள்ளுக்கு வாறன்."

"எனக்கென்ன குறை?"

"தெரியாது. அதைத்தானே பாக்கச் சொல்லுறன்."

அவன் கிட்டப் போகப் போகப் பனி உருகியது. அவள் பின்வாங்கிப் பின்வாங்கிப் பனி உள்ள இடத்திலேயே நின்றாள். வேலிவரை போய்விட்டாள். அவள் பாதம் நீலம் பாரித்ததைக் கண்டு அவன் பயந்துபோனான். "வாறன்" என்றான்.

பரிசோதனையில் தெரிந்தது: விந்தணு குறைவு, இருப்பதிலும் ஓட்டமில்லை. அடுப்பு வெக்கை, புகை, தூக்கமின்மை எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாம், உறுதி தர முடியாது என்றார் டொக்டர். சிகரெட்டை விட்டான். மரக்கறிக் குளிரறையில் வேலை எடுத்தான். அவன் போன பக்கமெல்லாம் கீரை வதங்கியதால் தபால் கொடுக்கும் வேலைக்கு மாறினான். அடுத்த பரிசோதனை கொஞ்சம் நம்பிக்கை தந்தது.

அந்தக் கோடையில், கோயில் திருவிழாவில், சனத்துக்கு நடுவில், ஒரு பெண் தக்சாயினியை மறித்தாள்.

"இன்னும் விசேசம் ஒண்டும் இல்லையே, பிள்ளை?"

அவள் தலை குனிந்தது. கமலநாயகி பெருமூச்சு விட்டார்.

"அதை என்னட்டைக் கேளுங்கோ அக்கா," என்றான் சதீசன், எல்லாருக்கும் கேட்க. "குறை என்னில."

தக்சாயினி அவன் கையைப் பிடித்தாள். கை கொதித்தது. அவள் விடவில்லை.