சுவரிடம் சொன்ன சம்மதம்

உறைகலனின் மூடியைத் திறந்தால் வெண்புகை முழங்கால்வரை இறங்கும். அதன் முன்னால் நின்று நின்றே கால் வீங்கிப் போனவள் அவள். ஸ்டெம் செல்லில் வளர்த்த செயற்கைத் தோலை உறையவைத்துக் காப்பது ஆஸ்பத்திரிச் சேமிப்பறையில் அவள் வேலை. மெல்ல மெல்லத்தான் குளிர்விக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பனி ஊசியாகிச் செல்லைக் கிழித்துவிடும். அவசரப்படாமல் இருந்தே அலுத்துப் போயிருந்தாள்.

அவள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், அண்ணன் அவளை "ஐஸ்காரி" என்று சொல்லிச் சிரித்தார். அன்றோடு பேச்சு நின்றது. சபையில் மானத்தை வாங்கியவர் தானே வந்து பேசட்டும் என்று இவள்; மூத்தவன் இறங்கிப் போவதாவது என்று அவர். முதுகெலும்பு இருவருக்கும் ஒரே வார்ப்பு.

இப்போது அவர் மேல்மாடி வார்டில் கிடக்கிறார். சர்க்கரைப் புண். தோல் வைத்து மூடாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. தோலை உருக்குமுன் நோயாளியின் சம்மதத்தைச் சேமிப்பறைப் பொறுப்பாளர் நேரில் கேட்டாக வேண்டும். பொறுப்பாளர் அவள்தான்.

அவள் வந்ததும் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணி, கலன்லேருந்து தோலை எடுக்கலாமான்னு கேளுங்க."

"எடுக்கச் சொல்லுடி," என்றார் அவர், மனைவியிடம்.

"அவர் வாயால என்கிட்ட சொல்லணும், அண்ணி. அதான் ரூல்."

"ரூலா? யார் போட்டது, இவளா?"

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள். "பாதம் போனாலும் வீம்பு போகாது. நடுவுல நான் ஒரு தபால்காரி!"

"சரி" என்றார் அண்ணன், சுவரிடம்.

"சுவத்துக்கா கால்ல புண்ணு?" என்றாள் அவள்.

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை இருமலாக்கி மறைத்துக்கொண்டு திரும்பினார். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"சரி, எடு," என்றார் அவளைப் பார்த்து. பிறகு பக்கத்துக் கட்டில்காரரிடம் வார்டுக்கே கேட்கும்படி, "எங்க வீட்டுப் பொண்ணு பத்திரப்படுத்தினது. சோடை போகாது," என்றார்.

அவள் வாசல்வரை போய்விட்டாள்.

"ஒட்டலன்னா திரும்ப ஐஸ்ல வச்சுக்குவியா?"

"உருகினா உருகினதுதான். மறுபடி உறைய வைக்க முடியாது, அண்ணே."

படியிறங்கும்போதுதான் 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டது உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லைப் பிடுங்கிக்கொள்ளவா முடியும்? வீங்கிய காலை இழுத்துக்கொண்டு சேமிப்பறைக்குப் போய்க் கையுறையை மாட்டினாள்.